மூலிகை முற்றம்: நிலவேம்பு பற்றி வந்த கடிதங்கள்

மே மாதம் பிறந்து சிங்கப்பூரில் வெயில் ஏறத் தொடங்கியதும் நம் 'மூலிகை முற்றம்' பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கும் மாறிவிடுகிறது. சென்ற மாதம் வரை வல்லாரையைப் பற்றியும் தூதுவளையைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இம்மாதம் ஏறக்குறைய அனைவருமே நிலவேம்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழில் வேறு மூலிகைக்கு இடம் தரவில்லை. ஒரே கேள்வி பல கடிதங்களில் வந்திருந்தால், அவற்றுள் விவரமாக எழுதப்பட்டிருந்ததை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அம்மா, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கிக்கு அருகே சிவப்பு நிற டெங்கி எச்சரிக்கைப் பதாகையைக் கட்டியிருக்கிறார்கள். தஞ்சாவூரிலிருந்து என் மாமியார் நிலவேம்புக் குடிநீர்ப் பொடி கொடுத்தனுப்பியிருக்கிறார். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் முதலில் அதைக் கொடுத்துப் பார்க்கலாமா? எப்படிக் காய்ச்ச வேண்டும், எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். (செங்காங் வாசகி)

பதில்: உங்கள் மாமியார் அனுப்பியிருப்பது நிலவேம்பு மட்டுமன்று. நிலவேம்புக் குடிநீர்ப் பொடி என்பது நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் ஆகிய ஒன்பது சரக்குகளைச் சம எடையில் சேர்த்து ஒன்றிரண்டாக இடித்தெடுத்த பொடி. சித்த மருத்துவத்தில் குடிநீர் என்றாலே கஷாயம் என்றுதான் பொருள். நிலவேம்பின் கைப்பு சுரத்தைத் தணிக்கும் என்றும், வெட்டிவேரும் விலாமிச்சையும் சந்தனமும் உடம்பின் சூட்டை ஆற்றும் என்றும், சுக்கும் மிளகும் காய்ச்சலில் மந்தமாகிப்போன செரிமானத்தைத் தூண்டும் என்றும் வைத்தியர்கள் இந்தக் கூட்டுக்குக் காரணம் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டு சிக்குன்குனியா பரவியபோது மக்கள் இதைப் பரவலாகக் குடிக்கத் தொடங்கினார்கள். 2012இல் டெங்கி பரவியபோது அரசு மருத்துவமனைகளிலேயே காய்ச்சிக் கொடுத்தார்கள். உங்கள் மாமியாரின் அக்கறைக்குப் பின்னால் இவ்வளவு அனுபவம் இருக்கிறது. அதை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை.

காய்ச்சும் முறை எளியதுதான், ஆனால் பலர் அவசரப்பட்டுக் கெடுத்துவிடுகிறார்கள். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 5 கிராம் பொடி போதும். சமையலறைத் தராசு இருந்தால் ஒரே ஒரு முறை நிறுத்துப் பார்த்து, அது உங்கள் வீட்டில் எந்தக் கரண்டிக்கு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். மண் சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ 240 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றிப் பொடியைப் போட்டு, தீயைக் குறைத்து வைத்து, நீர் கால் பங்காக, அதாவது 60 மில்லிலிட்டராகச் சுண்டும் வரை பொறுத்திருக்க வேண்டும். முதலில் மேலே வெளுத்த நுரை கட்டும். வெட்டிவேரின் மணம், மழை விழுந்த மண்ணைப்போல, எழும்பி வரும். நுரை அடங்கி, வைக்கோல் நிறத்திலிருந்த நீர் கரும்பழுப்பாக மாறி, ஆவியை முகர்ந்தாலே தொண்டையில் கசப்பு தட்டும் நேரத்தில் இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, சூடு தணிந்ததும் உணவுக்கு முன்பாகக் குடிக்கலாம். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து நாள். காலையில் காய்ச்சியதை மாலைக்கு வைத்திருக்கக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் குடித்துவிட வேண்டும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். குடித்த பிறகு வாயில் ஒரு துண்டு கருப்பட்டியை அடக்கிக்கொள்வதில் தவறில்லை. குழந்தைகளுக்குக் கரண்டிக் கணக்கில் நாமாகக் கொடுக்காமல், எடையையும் வயதையும் பார்த்து அளவு சொல்லக்கூடிய ஒருவரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். 'முதலில் அதைக் கொடுத்துப் பார்க்கலாமா' என்ற அந்த வரியைப் படித்தபோது எனக்கு மனம் பதறியது. சிவப்புப் பதாகை என்றால் உங்கள் வட்டாரத்தில் பத்து பேருக்கோ அதற்கு மேலோ டெங்கி உறுதியாகியிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட இடத்தில் காய்ச்சல் வந்தால் முதலில் செய்ய வேண்டியது மருத்துவரிடம் சென்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே. குடிநீர் அதற்குப் பிறகு, மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டியது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு டெங்கியின் குணமே காரணம். மற்றக் காய்ச்சல்களில் சூடு இறங்கினால் நோய் இறங்குகிறது என்று நம்பலாம். டெங்கியில் அப்படியன்று. இரண்டு முதல் ஏழு நாள் வரை கொதிக்கும் காய்ச்சல், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஏதோ ஒரு பொழுதில் தானாகவே தணியும். அப்படித் தணிகிற வேளையில்தான் சிலருக்கு ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறத் தொடங்குகிறது; ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் அப்போதுதான் மிகவும் கீழே இறங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் மிக ஆபத்தானது. நிலவேம்பைக் குடிக்கத் தொடங்கி மூன்று நாளில் காய்ச்சல் இறங்கினால், மருந்து கேட்டுவிட்டது என்று வீடே நிம்மதியடைகிறது. உண்மையில் அது விழித்திருக்க வேண்டிய இரவு.

2013ஆம் ஆண்டு சிங்கப்பூரில் 22,000க்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்டார்கள். அப்போது நான் மருந்தாளுநராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல் என்றதும், என் பாட்டியிடம் கற்றுக்கொண்டபடி குடிநீர் காய்ச்சி, நானே இரு வேளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்காம் நாள் காலையில் அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோது குளிர்ந்திருந்தது. இருவரும் மகிழ்ந்தோம், அன்று இரத்தப் பரிசோதனைக்குப் போவதாக இருந்ததைக்கூட வேண்டாமென்று விட்டுவிட்டோம். அன்று மாலை அவருக்கு அடிவயிற்றில் தாங்க முடியாத வலியும், நிற்காத வாந்தியும், பல் ஈறுகளில் ரத்தக் கசிவும் கண்டன. அவசர மருத்துவ வாகனத்தில் ஏற்றியபோது அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. ஆறு நாள் மருத்துவமனையில் இருந்து நலமாகத் திரும்பினார். மருந்துகளைப் படித்துத் தேர்ந்தவளாக இருந்தும், இறங்கிய காய்ச்சலை நம்பி அவரை ஒரு நாள் முழுவதும் காத்திருக்க வைத்தவள் நான். அந்தக் குடிநீர் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. அதன்மேல் நாங்கள் வைத்த நம்பிக்கை பரிசோதனையின் இடத்தைப் பிடித்துக்கொண்டதுதான் தீங்கு செய்தது.

ஆகவே, கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலுக்கு மாத்திரை வேண்டுமென்றால் பாராசிட்டமால் மட்டுமே. இபுப்ரொஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவை மிகுதிப்படுத்தும். கஞ்சி, இளநீர், மோர், உப்புச்சர்க்கரைக் கரைசல் என்று நீராகாரத்தை விடாமல் கொடுங்கள். டெங்கியில் உயிர் காப்பது பெரும்பாலும் இந்த நீர்தான்.

கேள்வி: நிலவேம்பைவிடப் பப்பாளி இலைச்சாறு நல்லது, தட்டணுக்களைக் கூட்டும் என்கிறார்களே? (பிடோக் வாசகர்)

பதில்: பப்பாளி இலைச்சாறு தட்டணுக்களைச் சற்று விரைவாக ஏறச் செய்யக்கூடும் என்று மலேசியாவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு உட்படச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் தட்டணு எண்ணிக்கை ஏறுவதும், நோயாளி ஆபத்திலிருந்து மீள்வதும் ஒன்றல்ல. மேலே நான் எழுதிய நீர்க்கசிவை அந்தச் சாறு நிறுத்துகிறது என்பதற்குச் சான்று இல்லை. வாந்தியோடு இருப்பவருக்கு அதைக் கட்டாயப்படுத்திக் கொடுத்தால் உள்ளே போன கஞ்சியும் வெளியே வந்துவிடும்.

கேள்வி: எங்கள் சமூகத் தோட்டத்தில் ஒரு மலாய் அண்டைவீட்டார் 'ஹெம்பெடு பூமி' என்று சொல்லி ஒரு செடியைக் கொடுத்தார். சீனப் பாட்டி ஒருவர் அதையே 'சுவான் சின் லியன்' என்கிறார். என் அம்மாவோ, இது சிறியாநங்கை என்கிறார். இது நிலவேம்புதானா, எப்படி உறுதி செய்வது? (ஈசூன் வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மகிழ்ந்தேன். ஒரு செடி மூன்று மொழிகளில் மூன்று பெயரோடு ஒரே பாத்தியில் நிற்பதை நம் ஊரில்தான் காண முடியும். மலாய்ப் பெயருக்குப் பூமியின் பித்தநீர் என்று பொருள். சீனப் பெயருக்கு இதயத்தை ஊடுருவும் தாமரை என்று பொருள். இரண்டும் நிலவேம்பைக் குறிப்பவைதான். தாவரவியலில் இதன் பெயர் ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலேட்டா. வேம்போடு இதற்கு உறவு ஏதும் இல்லை, கசப்பு ஒன்றைத் தவிர. இது கனகாம்பரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாய்லாந்தில் இதை 'ஃபா தலாய் ஜோன்' என்பார்கள். 2020ஆம் ஆண்டு டிசம்பரில், அறிகுறிகள் லேசாக இருந்த கொவிட் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்க்க அந்நாட்டு அரசு அனுமதித்தது.

சிறியாநங்கை என்ற பெயர்தான் சற்றுக் குழப்பமானது. பலர் நிலவேம்பையே அப்படி அழைக்கிறார்கள். இலை மிளகாய்ச் செடியின் இலையைப்போல இருப்பதால் மிளகாய்நங்கை என்பாரும் உண்டு. ஆனால் நங்கை என்ற பெயரில் ஊருக்கு ஊர் வேறு செடிகளும் வழங்குகின்றன. ஆகவே பெயரை வைத்து முடிவு செய்யாமல் செடியை வைத்து முடிவு செய்வோம்.

தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பாருங்கள். அது உருளாமல் தடுக்கும். நிலவேம்பின் தண்டு துளசித் தண்டைப்போல நான்கு பட்டையானது. இலைகள் ஒன்றுக்கொன்று எதிரெதிராக, ஈட்டி முனைபோல இரு பக்கமும் கூர்ந்து, கரும்பச்சையாக, மயிரில்லாமல் வழவழப்பாக இருக்கும். பூ விரல் நகத்தைவிடச் சிறியது; வெள்ளை இதழ்; கீழே தொங்கும் இதழின் நடுவில் யாரோ மை தொட்டு வைத்ததுபோல ஊதாக் கீற்று. காய்கள் கிளைகளில் செங்குத்தாக நிற்கும். முற்றிக் காய்ந்ததும் நெடுக இரண்டாகப் பிளந்து, பழுப்பு மஞ்சள் விதைகளைத் தூரத் தெறிக்கும். செடி முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை வளரும். துளசிக்கு உள்ள மணம் இதற்குக் கிடையாது. இவை எல்லாம் பொருந்தி வந்த பிறகுதான் ஒரு சிறு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். பாகற்காயின் கசப்பு வந்த வேகத்தில் போய்விடும்; இந்தக் கசப்பு தொண்டைக்குள் இறங்கி, தண்ணீர் குடித்த பிறகும் நெடுநேரம் உட்கார்ந்திருக்கும். அறிமுகமில்லாத செடியை முதலிலேயே வாயில் போட்டுப் பார்க்கும் வழக்கம் மட்டும் யாருக்கும் வேண்டாம்.

நேரில் பார்த்துப் பழக விரும்பினால் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவான பூமலையில் 2011இல் திறக்கப்பட்ட மூலிகைத் தோட்டத்திற்கு ஒரு காலைப்பொழுது சென்று வாருங்கள். 400க்கும் மேற்பட்ட மருத்துவச் செடிகளை, அவை உடலின் எந்தப் பகுதிக்குப் பயன்பட்டனவோ அந்த வரிசைப்படி அங்கே நட்டிருக்கிறார்கள். பார்ப்பதற்கு மட்டுமே அனுமதி உண்டு. பூங்காக்களில் இலை பறிப்பது சட்டப்படி குற்றம்.

கேள்வி: தங்குவிடுதியில் எங்கள் அறையில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். கொசுக்கடி அதிகம். டெங்கி வராமல் இருக்க ஒரு வருடமாக நாங்கள் சிலர் தினமும் காலையில் நிலவேம்புக் கஷாயம் குடிக்கிறோம். எனக்கு 44 வயது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை எடுக்கிறேன். கஷாயம் சர்க்கரையையும் குறைக்கும் என்பதால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? (ஜூரோங் பகுதி வாசகர்)

பதில்: தம்பி, மாத்திரையை நிறுத்த வேண்டாம், கஷாயத்தை நிறுத்துங்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நிலவேம்புக்கு அது எழுத்துப் பிசகாமல் பொருந்தும். காய்ச்சல் காலத்தில் சில நாள் குடிப்பதற்காக வகுக்கப்பட்ட மருந்தை ஒரு வருடம் காப்பிபோலக் குடிப்பதற்கு மரபிலும் ஆதரவு இல்லை, ஆய்விலும் ஆதரவு இல்லை. அதைக் குடிப்பவரைக் கொசு கடிக்காது என்பதற்கோ, கடித்தாலும் டெங்கி வராது என்பதற்கோ சான்று கிடையாது. ஆய்வுக்கூடத்தில் நிலவேம்பிலுள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற கைப்புப் பொருள் சில கிருமிகளின் பெருக்கத்தைத் தடுத்திருக்கிறது. சளி, தொண்டைவலி போன்ற சாதாரணக் கோளாறுகளில் மனிதர்களிடத்திலும் ஓரளவு நிவாரணம் தெரிந்திருக்கிறது. அதற்கு மேல் இன்று உறுதியாகச் சொல்ல முடியாது.

உங்கள் விஷயத்தில் எனக்குள்ள கவலை வேறு. நிலவேம்புக்கு ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கும் இயல்பு உண்டு. நீங்கள் எடுக்கும் மாத்திரைகளும் அதையே செய்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரே நாளில் இழுத்தால், வெயிலில் சாரத்தின்மேல் நின்று வேலை செய்யும்போது கண் இருண்டு தலை சுற்றும். காலையில் வெறும் வயிற்றில் கஷாயம் குடித்துவிட்டுச் சாப்பிடாமலே லாரியில் ஏறுகிறோம் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, படபடப்பு இவற்றை இந்த ஓராண்டில் உணர்ந்திருந்தால், அது சோர்வு என்று நினைத்து விட்டுவிடாமல் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கஷாயம் குடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். திட்டிவிடுவார் என்று பலர் மறைக்கிறார்கள். மருந்துக் கடை மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகள் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், நாங்கள் திட்டுவதற்காகக் கேட்பதில்லை. தெரியாமல் மருந்து கொடுத்துவிடக் கூடாதே என்றுதான் கேட்கிறோம்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் எடுப்பவர்களும், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் நோயெதிர்ப்பைத் தணிக்கும் மாத்திரை எடுப்பவர்களும் இந்தச் செடி அந்த மருந்துகளின் வேலையை மாற்றக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் நிலவேம்பைத் தொடக் கூடாது. சிலருக்கு வயிற்றெரிச்சலும் குமட்டலும் வரலாம். அரிதாகச் சிலருக்குத் தோலில் தடிப்பும் மூச்சுத்திணறலும் உண்டாகும். ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த ஒவ்வாமையைக் குறித்து எச்சரித்திருக்கிறது. உதடோ கண்ணிமையோ வீங்கினால் அது மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்று யார் சொன்னாலும் கேட்காமல், அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

அறைக் கொசுவுக்குக் கொசு விரட்டித் தைலமும், முழுக்கைச் சட்டையும், வாளிகளைக் கவிழ்த்து வைப்பதும் உதவும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. இரவு வலைக்குள் படுத்துவிட்டால் மட்டும் போதாது.

கேள்வி: மூன்று மாதக் கர்ப்பமாக இருக்கிறேன். சளிக்கு ஒரு வேளை மட்டும் குடிக்கலாமா? (பொங்கோல் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு வேளைகூட வேண்டாம். கர்ப்பத்திற்கு முயற்சி செய்பவர்களும் தவிர்க்க வேண்டும்; விலங்குகளில் செய்த சோதனைகளில் கருத்தரிப்பைப் பாதிக்கும் இயல்பு நிலவேம்புக்குத் தெரிந்திருக்கிறது. பாலூட்டும் தாய்மார்களும் தவிர்ப்பதே நல்லது. உங்கள் சளிக்கு வெந்நீர் ஆவி பிடியுங்கள்; காய்ச்சல் சேர்ந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் எங்கள் வீட்டைச் சுற்றிச் சிறியாநங்கை வைத்திருப்பார்கள், பாம்பு வராது என்பதற்காக. பாம்பு கடித்தவருக்கு இந்த இலையைக் கொடுத்து, கசக்கவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது என்று தாத்தா சொல்வார். இது உண்மையா? (சுவா சூ காங் வாசகர்)

பதில்: என் பாட்டியும் இதையே சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். விஷமுறிவு மருந்து எட்டாத ஊரில், இருட்டில் கடித்தது எது என்று தெரியாத வேளையில், கையில் கிடைத்த ஒரே சோதனை அதுவாக இருந்தது. ஆனால் அச்சத்தில் வாய் உலர்ந்தவருக்கு நாக்கு மரத்துப் போகலாம். நச்சேறியவருக்கும் இலை நன்றாகக் கசக்கலாம். கசக்கிறதே என்று காத்திருந்த அரை மணி நேரம் ஓர் உயிரைக் கொண்டுபோய்விடும். செடி இருக்கும் வீட்டுக்குப் பாம்பு வராது என்பதற்கும் ஆதாரம் இல்லை.

சிங்கப்பூரிலும் நச்சுத் துப்பும் கருநாகம் உண்டு. காட்டை ஒட்டிய உங்கள் வட்டாரத்தில் எச்சரிக்கை வேண்டியதுதான். கடித்துவிட்டால் 995ஐ அழையுங்கள். கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல், மோதிரம் வளையல்களைக் கழற்றி, கடிபட்டவரைப் படுக்க வையுங்கள். இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடாது. இலையோ கஷாயமோ எதையும் வாய்வழி கொடுக்காதீர்கள்.

கேள்வி: தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) ஒரு கடையில் காய்ந்த செடிக்கட்டாகவும், இன்னொரு கடையில் பொடியாகவும், மற்றொன்றில் குப்பியில் மாத்திரையாகவும் விற்கிறார்கள். எதை வாங்குவது? (தோ பாயோ வாசகி)

பதில்: நிலவேம்பு மட்டும் வேண்டுமென்றால் செடிக்கட்டே மேல். நாற்பட்டைத் தண்டும், நிற்கும் காயும் காய்ந்த பிறகும் கண்ணுக்குத் தெரியும். கலப்படம் ஒளிந்துகொள்ள இடமில்லை. காய்ந்த இலையிலும் பச்சை மாறாமல் இருக்க வேண்டும். கட்டைப் பிரித்து உதறினால் தண்டு மட்டும் மிஞ்சுகிறது என்றால் வாங்காதீர்கள். சத்து பெரும்பாலும் இலையில்தான் இருக்கிறது. பூஞ்சை வாடை அடித்தாலும் வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் காய்ந்த செடி எளிதில் பூசணம் பிடிக்கும்.

ஒன்பது சரக்குக் குடிநீர்ப் பொடி என்றால், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சரக்குகளின் பெயர், தயாரிப்பாளரின் உரிம எண் ஆகியவை அச்சிட்ட உறையில் உள்ளதை மட்டும் வாங்குங்கள். மாவாக நைந்த பொடி குடிநீருக்கு உதவாது, வடிகட்டும்போது அடைத்துக்கொள்ளும். மாத்திரைகளில் பெரும்பாலும் செறிவூட்டிய சாறு இருக்கும். அதன் ஒன்றிரண்டு மாத்திரைகள் உங்கள் குவளைக் கஷாயத்தைவிட வலுவாக இருக்கலாம் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் எடுக்கக் கூடாது.

ஒரு செய்தியைப் பலர் அறிந்திருப்பதில்லை. சீன மருத்துவர்களைப் பதிவு செய்ய 2000ஆம் ஆண்டிலேயே இங்கு சட்டம் வந்தது. சித்தம், ஆயுர்வேதம் ஆகியவற்றுக்கு அப்படிச் சட்டப் பதிவு இல்லை. இந்தியப் பாரம்பரிய மருந்துகளும் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் உரிமம் பெற்றாக வேண்டியவை அல்ல. உலோகங்களுக்கு உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். பத்து லட்சத்தில் ஆர்சனிக் 5 பங்குக்கும், பாதரசம் அரைப் பங்குக்கும் மேல் இருக்கக் கூடாது. வரம்பைக் காப்பது விற்பவரின் பொறுப்பு என்பதால், கேள்வி கேட்டு வாங்குவது நம் பொறுப்பாகிறது. நிலவேம்புக் குடிநீரில் சேர வேண்டிய ஒன்பதில் எதுவும் உலோகச் சரக்கு அன்று. குடித்த ஒரு மணி நேரத்தில் எந்தக் காய்ச்சலும் பறந்துவிடும் என்று சொல்லி, உறையில் பெயரில்லாத பொட்டலத்தை யாராவது நீட்டினால், அதில் என்ன கலந்திருக்கிறது என்ற சந்தேகம் வர வேண்டும்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு நடைவழியில் தொட்டியில் வளர்க்கலாமா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: தாராளமாக வளர்க்கலாம். விதை கடினமானது, ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மணல் கலந்த மண்ணின்மேல் தூவி, மெல்லிய படலமாக மண் மூடினால் போதும். ஒரு வாரம் முதல் இரு வாரத்தில் முளைக்கும். காலை வெயில் நாலு மணி நேரம் படும் இடம் போதும். மூன்று மாதம் கடந்து முதல் பூக்கள் தோன்றும் தறுவாயில் கைப்பு உச்சத்தில் இருக்கும். அப்போது அடியிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, நிழலில் உலர்த்துங்கள். மீண்டும் தழைக்கும். சில காய்களை விதைக்கு விட்டு, வெடிக்கும் முன் மெல்லிய துணிப்பையைக் கட்டி வையுங்கள். இல்லையென்றால் அண்டைவீட்டுத் தொட்டிகளில் எல்லாம் உங்கள் நிலவேம்பு முளைக்கும்.

நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது தீப் பாதுகாப்பு விதி. தொட்டியை அதற்கேற்பச் சுவரோரம் வையுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். 20 காசு நாணயம் அளவு நீர் தேங்கினாலே ஏடிஸ் முட்டையிடும். ஏழு நாளில் அது பறக்கும் கொசுவாகும். வைத்தே ஆக வேண்டுமென்றால் தட்டில் மணலை நிரப்பி, ஒன்றுவிட்டு ஒரு நாள் விரலை விட்டுப் பாருங்கள். விரல் நனைந்தால் தட்டைக் கவிழ்த்து, உட்புற விளிம்பைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். முட்டைகள் அந்த விளிம்பில்தான் ஒட்டியிருக்கும்.